கிடை ஆடுகளும் ஒரு வாய்மொழித் தேர்வும்

காலை ஒன்பது ஐம்பதுக்கு என் கைபேசி ஒலித்தது. அந்த நாள் கெடத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். அப்போது எனக்கு அது தெரியவில்லை. மகனின் அழைப்பு என்று மட்டும் நினைத்து எடுத்தேன்.

பத்து மணிக்கு இறுதியாண்டுப் பொருளியல் மாணவர்களுக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. இருபத்திரண்டு பேர் வராந்தாவில் தங்கள் புராஜெக்ட் அறிக்கைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். வெளித் தேர்வாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். மகன் கோயம்புத்தூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான்.

"அம்மா, ஹெச்ஓடி கூப்பிட்டு விசாரிக்காரு. ரிப்போர்ட்ட நான் எழுதல, ஏஐ எழுதினதுன்னு சொல்லுதாவ."

"நீ எழுதினியா, இல்லையா?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"எழுதுததுன்னா... நீங்க எதைச் சொல்லுதீங்க?"

அவன் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. என் கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. "பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டு வைவா அறைக்குள் போனேன். வெளியே சித்திரை வெயில்.

ஆசிரியர் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லித் துறையில் கேட்டார்கள். வகுப்பில் ஏஐயை எப்படிச் சமாளிப்பது என்று எழுதினால் நல்லது என்றார்கள். எனக்கு அது தெரியாது. இருபத்தேழு வருடம் பாடம் எடுத்துவிட்டு, ஐம்பத்து மூன்றாவது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நாள். அதைச் சொல்கிறேன். எங்கெங்கே நான் நின்று யோசித்திருக்க வேண்டும் என்று படித்துக்கொண்டே வாருங்கள். உங்களுக்கு எளிதாகத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பிள்ளைகள் எல்லாரும் போனிடம் கேட்டுக் கேட்டு எழுதத் தொடங்கியிருந்தார்கள். ஒரே கட்டுரை இருபத்திரண்டு கையெழுத்தில் வந்துகொண்டிருந்தது. அதனால் புராஜெக்டுக்கு ஓர் உறுதிமொழித் தாள் தயாரித்தேன். "இந்த ஆய்வில் எந்த இடத்திலும் செயற்கை நுண்ணறிவின் உதவியைப் பெறவில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். முத்துமாரியும் போட்டாள்.

முத்துமாரி விளாத்திகுளம் பக்கத்துப் பெண். ஆடு மேய்க்கிற குடும்பம். அவளுடைய புராஜெக்ட் கிடை போடுவதைப் பற்றியது. பருத்தியும் கொத்துமல்லியும் எடுத்து முடித்த கரிசல் காடுகளில், கோடையில் ஆட்டு மந்தையைக் கொண்டுவந்து தங்கவைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். நிலத்தின் சொந்தக்காரரான காட்டுக்காரர் ஆட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைப்பார். யார் காட்டில் முதலில், எத்தனை நாள், அதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. நல்ல கேள்வி. இன்னும் இரண்டு மாதத்தில் மதுரையில் எம்.ஏ. சேர்வதற்கு அவளுக்கு இடம் உறுதியாகியிருந்தது. புராஜெக்டில் தவறினால் பட்டம் இல்லை. மறுபடி எழுத அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும். ஒரு பெண் ஒரு வருடம் வீட்டில் இருந்தால் அவளைக் கேட்காமல் என்னென்ன முடிவாகிவிடும் என்பது இந்தப் பக்கத்தில் பாடம் எடுக்கிற நம் எல்லாருக்கும் தெரியும்.

அவள் ஐந்தாவதாக உள்ளே வந்தாள். அறிக்கை அறுபது பக்கம். ஆங்கிலம் பிசிறில்லாமல் இருந்தது. அதுதான் முதலில் என்னைச் சீண்டியது. வகுப்பில் ஒரு வரி ஆங்கிலம் பேசாத பெண். நடுவில் ஒரு வாக்கியத்தின் கீழே நான் சிவப்பில் கோடு போட்டிருந்தேன். "முதல் நாள் ஆடுகள் படுக்காமல் நின்றுகொண்டே இருந்தால், பேசிய காடாக இருந்தாலும் கிடை அங்கிருந்து நகர்த்தப்படுகிறது." இது என்ன கதை என்று நினைத்தேன். கொடுத்த வாக்கை ஆடு முறிக்குமா? இயந்திரம் இல்லாததை இருப்பதாகச் சொல்லும் என்று நிறையப் படித்திருந்தேன். நான் கோவில்பட்டி டவுனிலேயே வளர்ந்தவள். தீப்பெட்டி ஆபீஸ் என்று இங்கே சொல்கிற தொழிற்சாலை வைத்திருந்த குடும்பம். ஆட்டை நான் அதிகம் பார்த்தது இலையில்தான்.

ஆங்கிலத்தில் கேட்டேன். இதற்கு ஆதாரம் என்ன? எந்த நூலில் இருக்கிறது? இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் ஒருமுறை அசைந்தது. மகனின் மூச்சுச் சத்தம் என் காதில் இன்னும் இருந்தது. என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது, தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல.

"தென் ஹூ ரோட் திஸ்?"

"போன், மேம்."

வராந்தாவில் சிரிப்பு வெடித்தது. "ஏட்டி, போனை உள்ள அனுப்பு, அது பதில் சொல்லும்!" என்று ஒரு பையன் குரல் கொடுத்தான். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வைவா மதிப்பெண்ணைப் பென்சிலில்தான் போடுவோம். எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டு, சாயங்காலம் இரண்டு தேர்வாளரும் பேசி மையில் எழுதுவோம். அன்றைக்கு நான் பேனாவை எடுத்தேன். மதிப்பெண் கட்டத்தில் சுழி போட்டேன். 'மாணவியின் சொந்த ஆக்கம் அன்று' என்று பக்கத்தில் எழுதினேன். அந்த மை காய்வதை முத்துமாரி நின்று பார்த்தாள். பிறகு வெளியே போனாள். பையைக்கூட எடுக்கவில்லை.

மகனிடம் பதில் வாங்காமல் வைத்துவிட்ட கேள்வியை அவளிடம் கேட்டிருக்கிறேன். இது எனக்குப் புரிய மதியம் ஆனது.

வெளித் தேர்வாளர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அதுவரை என் பேச்சுக்குக் குறுக்கே வரவில்லை. பன்னிரண்டு மணி டீயின்போது கோப்பையைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"மேடம், நீங்க கிளாஸ் எந்த பாஷையில எடுப்பீங்க?"

"தமிழ்லதான். இங்கிலீஷ்ல எடுத்தா நம்ம புள்ளைங்களுக்கு எங்க புரியுது?"

"நானும் அப்படித்தான்." ஒரு மிடறு குடித்தார். "பொறவு ஏன் வைவாவ மட்டும் இங்கிலீஷ்ல கேக்கோம்?"

யாரோ என் தோளைத் தட்டி எழுப்பியதுபோல இருந்தது. ஏன் கேட்கிறோம்? இருபத்தேழு வருடத்தில் ஒருமுறைகூட யோசித்ததில்லை. வெளியாள் வந்திருக்கிறார், அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, அதனால் கேட்கிறோம். மூன்று வருடம் தமிழில் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசி நாளில் ஒரு புதிய ஆளாக உடுத்திக்கொண்டு அந்தப் பிள்ளைகள் முன்னால் உட்காருகிறோம்.

அவர் முத்துமாரியின் அறிக்கையைப் பின்பக்கமாகத் திருப்பினார். பின்னட்டையில் ஓர் உறை ஒட்டியிருந்தது.

"இதுக்குள்ள என்ன மேடம்?"

கள ஆய்வின் ஒலிப்பதிவுகளைப் பென் டிரைவில் போட்டு ஒட்ட வேண்டும் என்பது நான் வைத்த விதி. ஒட்டியிருக்கிறதா என்று எல்லா அறிக்கையிலும் தடவிப் பார்த்திருந்தேன். ஒன்றையும் திறந்து கேட்டதில்லை.

மதிய இடைவேளையில் அவர் சாப்பிடப் போனார். நான் துறை அறையில் கணினியின் முன்னால் தனியாக உட்கார்ந்தேன். பதினொரு பதிவுகள். முதலாவதைத் திறந்தேன். காற்று. கரிசல் காட்டின் மேல் தடையில்லாமல் வருகிற கோடைக்காற்று, ஒலிவாங்கியில் மோதி மோதி உறுமியது. பிறகு ஓர் ஆண்குரல் கிசுகிசுத்தது. "எம்மா, பேசாத. இப்பந்தான் ஒண்ணு படுக்குது." அதன் பிறகு யாரும் பேசவில்லை. நான் வேகமாக ஓட்டியிருக்கலாம். ஓட்டவில்லை. ஒரு மணி எங்கோ லேசாகக் குலுங்கியது. ஒரு தும்மல். உலர்ந்த மண்ணில் உடம்பு சாய்கிற ஓசை. மெல்ல மெல்ல வேறொரு ஒலி எழுந்தது. நூற்றுக்கணக்கான வாய்கள் அசைபோடும் ஒலி. தூரத்தில் மழை நடந்து வருவதுபோல. மின்விசிறி சுற்றியது. சன்னல் வழியாக மிட்டாய்க் கம்பெனிப் பக்கமிருந்து வெல்லப்பாகு வாசனை வந்தது. ரயில் ஒன்று போனது. அது இந்த ஊரில் போனதா, பதிவுக்குள் போனதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அந்த மந்தையின் நடுவே எங்கோ உட்கார்ந்திருந்தேன். சுழி போட்ட தாளும், கோயம்புத்தூரும், மையும் எனக்கு மிகத் தூரத்தில் இருந்தன. பதினேழு நிமிடம் அது ஓடியது. அதன் முடிவில் அவள் குரல் மிகத் தாழ்வாக வந்தது. "எல்லாம் படுத்தாச்சு. ஒண்ணுகூட நிக்கல. அய்யா சிரிக்காவ."

ஒரு பதிவில் காட்டுக்காரர் ஒருவர் அவள் அய்யாவிடம், அதாவது அப்பாவிடம், சண்டை போடுகிறார். பேசிவிட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போகலாமா என்று. அப்பா அமைதியாகச் சொல்கிறார். "போன மாசம் களைக்கு மருந்தடிச்சத நீரு சொல்லல. ஆடு சொல்லிட்டு. ராத்திரி பூரா நின்னுச்சு." நான் சிவப்புக் கோடு போட்ட வாக்கியம் அங்கே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

கடைசிப் பதிவு தவறுதலாக ஓடியிருக்க வேண்டும். அதில் வேறு யாரும் இல்லை. முத்துமாரி தன் போனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லுததை அப்படியே இங்கிலீஷ்ல எழுது. கூட்டாத, குறைக்காத." எழுதியதை வாசிக்கிறாள் போலும், உதட்டுக்குள் முனகல் கேட்டது. பிறகு கோபம். "ஆடு யோசிக்குதுன்னு நான் எப்ப சொன்னேன்? ஆடு நிக்குதுன்னுதான் சொன்னேன். மாத்து." மறுபடி முனகல். "இப்ப எதுக்கு 'காலங்காலமாக'ன்னு சேர்த்திருக்க? ஏலே, நீ ஆட்டப் பார்த்திருக்கியா? இல்லைல்ல? பார்த்தவ சொல்லுதேன், எழுது."

நான் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எப்போது மாறியது என்று தெரியவில்லை. வெளித் தேர்வாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது என் கண்கள் அவர் பார்க்கும்படி இல்லை. அந்தப் பதிவை அவருக்கும் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு முறை கேட்டார்.

"மார்க்க மாத்தணும் சார்," என்றேன்.

"மையில எழுதிட்டீங்க. அடிச்சுத் திருத்தினா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"போடுவீங்களா?"

"போடுதேன். ஆனா அந்தப் புள்ள வந்து பதில் சொல்லணும். நமக்கு மனசு கஷ்டமா இருக்குன்னு மார்க் போடக் கூடாது மேடம். காலையில கோவத்துல போட்டீங்க, இப்ப இரக்கத்துல போடுவீங்க. ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு உறுதிமொழித் தாளைத் தொட்டார். "இதுவும் இருக்கு. உதவி வாங்கலன்னு எழுதிக் கொடுத்திருக்கா. அது பொய்தானே?"

அடுத்துச் சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அசைபோடும் ஒலிக்குப் பிறகு எதையும் மறைக்கத் தெம்பில்லை.

"சார், அந்தத் தாளை நான் எழுதல. இங்கிலீஷ்ல சட்டத்துக்கு ஏத்தமாதிரி எழுத எனக்கு வரல. ஏஐகிட்ட கேட்டுத்தான் வாங்கினேன்."

அன்றைக்கு முதல்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப அதுல முதல் கையெழுத்து நீங்க போட்டிருக்கணுமே மேடம்!" சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். "அவ கையால ஒரு பக்கம் தமிழ்ல எழுதி வைக்கட்டும். போன் என்ன செஞ்சது, அவ என்ன செஞ்சான்னு. அது போதும். ஆனா வரணும். எனக்கு ஏழு மணி வரைக்கும் வண்டி இருக்கு. மார்க் சீட்டை நாலரைக்குக் கட்டி ஒட்டிறணும்."

அவள் போன் அணைந்திருந்தது. விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகக் காவலர் சொன்னார். விண்ணப்பத்தில் அப்பாவின் எண் இருந்தது. மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் அதே காற்று.

"சொல்லுங்க டீச்சரம்மா. எட்டயபுரம் தாண்டி ஒரு மல்லிக் காட்டுல கிடை போட்டிருக்கோம். புள்ள இங்கனதான் வந்திருக்கா. வந்ததுலருந்து வாயைத் திறக்கல. ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நிக்கா. ஏதும் தப்புப் பண்ணிட்டாளா?"

கல்லூரியிலிருந்து ஓர் அழைப்பு வந்தால் பெற்றவருக்கு எப்படி இருக்கும் என்று அன்று காலையில்தான் தெரிந்துகொண்டிருந்தேன்.

"இல்ல அண்ணாச்சி. தப்புப் பண்ணினது நான். அவள உடனே வரச் சொல்லணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "தப்பு உங்க மேலன்னா அவ எதுக்கு வரணும்?"

குத்திப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"நான்தான் வரணும். இங்கன இன்னும் ஒன்பது புள்ளைங்க வைவாக்கு நிக்காங்க, விட்டுட்டு வர முடியல. நாலரைக்குள்ள அவ வரலன்னா நானே நினைச்சாலும் திருத்த முடியாது. அவளுக்கு ஒரு வருசம் போயிரும்."

"ம்." காற்று உறுமியது. "நீங்க சொன்னதைச் சொல்லுதேன். வாரதும் வராததும் அவ பாடு. நான் இழுத்துட்டு வரமாட்டேன்."

பிற்பகல் முழுவதும் கனவில் நடந்ததுபோலத்தான் நினைவிருக்கிறது. மீதி ஒன்பது பேரையும் தமிழில் கேட்டோம். உட்காரச் சொன்னோம். "எங்க ஆச்சி தீப்பெட்டி ஆபீஸ்ல..." என்று ஒருத்தி தொடங்கியபோது அவள் கைகள் அவளை முந்திக்கொண்டு பேசின. மூன்று வருடமாக நான் பெயர் கூப்பிட்டு வந்த பிள்ளைகள் அன்றுதான் முகத்தோடு எதிரில் உட்கார்ந்தார்கள். ஒரு பையனிடம் மட்டும் ஒன்றுமே இல்லை. அவன் அறிக்கையும் பிசிறில்லாத ஆங்கிலம்தான். நான்கு கேள்வியில் அவனே தலைகுனிந்து, "சார், நான் அந்த ஊருக்குப் போகல," என்றான். அவனுக்கும் பென்சிலில்தான் போட்டோம். பிடிப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு வருகிற மொழியில் நான்கு கேள்வி போதுமாயிருந்தது.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வீட்டில் கிடைத்த பயத்தை வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோய்விட்டால் அன்றைக்காவது பேனாவைத் தொடாதீர்கள். உறையைத் திறந்து பாருங்கள். இதையெல்லாம் சொல்வது எளிது.

மூன்றரைக்கு மகனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். எழுதினாயா என்று கேட்கவில்லை. 'ஏஐகிட்ட கேக்குததுக்கு முன்னால உனக்கு என்ன தெரிஞ்சிருந்தது?' என்று கேட்டேன். நான்கு மணிக்குப் பதில் வந்தது. 'ஒண்ணுமே தெரியாதும்மா.' அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று வருடத்தில் அவன் எனக்கு எழுதிய முதல் உண்மை அது என்று தோன்றியது. இனிமேல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், அவனும் நானும்.

நான்கு பத்து. விளாத்திகுளத்திலிருந்து வரும் பஸ் ஒன்று நிற்காமல் போனது. வெளித் தேர்வாளர் மார்க் சீட்டுக்கு உறையும் பசையும் எடுத்து மேசையில் வைத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. நான்கு பதினெட்டு. வராந்தாவில் வைவா முடித்தும் போகாமல் நின்ற பிள்ளைகளின் பேச்சு திடீரென்று நின்றது. காலையில் போனை உள்ளே அனுப்பச் சொன்னவன் வழியை விட்டு ஒதுங்குவது சன்னலில் தெரிந்தது.

முத்துமாரி வந்தாள். செருப்பிலும் பாவாடை விளிம்பிலும் கரிசல் புழுதி அப்பியிருந்தது. முகத்தைக் கழுவியிருந்தாள். காலையில் நின்ற அதே இடத்தில் வந்து நின்றாள். நான் எழுந்தேன்.

"உக்காரும்மா," என்றேன். "இந்தத் தடவ தமிழ்லயே கேக்கேன்."

அவள் உட்காரவில்லை.

"வேண்டாம் மேம். காலையில நீங்க கேட்டது எல்லாமே எனக்குப் புரிஞ்சுது. அதே மாதிரி இங்கிலீஷ்லயே கேளுங்க. பதிலை நான் தமிழ்ல சொல்லுதேன்."